விசிலுக்கு நின்ற வரிசை

“என் விசிலுக்கு எவன் நிக்கிறான்?”

தெய்வசிகாமணி சார் ஒரு நாளைக்கு எத்தனை முறை இதைச் சொல்கிறார் என்று எண்ணுவதை அவர் மனைவி கமலா கல்யாணமான புதிதிலேயே விட்டுவிட்டார். குக்கர் சத்தம் கேட்டு கமலா அடுப்படிக்கு ஓடினால் பின்னாலேயே குரல் வரும். “பாரு, குக்கர் விசிலுக்கு எழுந்து ஓடற. என் விசிலுக்கு எவன் நிக்கிறான்?” கள்ளக்குறிச்சிக்கு டவுன் பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் மாட்டிக்கொள்வார். “கண்டக்டர் ஊதுறான், இம்மாம் பெரிய பஸ்ஸு நிக்குது. நான் ஊதினா ஒரு பொடிப் பய நிக்க மாட்டேங்கிறான்.”

ஸ்டாஃப் ரூமில் கணக்கு வாத்தியார் நாராயணசாமி மூக்கால் பேசிக்கொண்டு வருவார். “பத்தாவதுக்கு இன்னும் போர்ஷன் முடியல சார், உங்க பீரியட நான் எடுத்துக்கறேன்.”

“எடுத்துக்குங்க. உங்க சாக்பீசுக்காவது நிக்கிறானுங்களே.” பிறகு அந்த வழக்கமான கேள்வி வரும். நாராயணசாமி அதற்குள் பத்தாம் வகுப்பில் இருப்பார்.

கோமுகி அணைக்குப் போகிற வழியில் ஓர் ஊர். அங்கே அரசுப் பள்ளி, அதன் பின்னால் மைதானம், மைதானத்தின் ஓரத்தில் தரையைச் சமப்படுத்துகிற ஒரு கல் உருளை, அதற்கும் பின்னால் கல்வராயன் மலை. இருபது வருடமாக சார் அங்கே பி.டி. மாஸ்டர். வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குச் சாக்பீஸ் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு வருவார். வயிறு மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் முன்னால் நடக்கும். நீளமாக ஒரு விசில் ஊதினால் பையன்கள் ஓடிவந்து உயரப்படி வரிசையாக நிற்க வேண்டும். நிற்பார்கள்தான். ஆனால் அந்த வரிசை அவர் கண்ணுக்கு நேராகவே தெரியாது.

“டேய் மூணாவது, வயித்த உள்ள இழு. ஏழாவது, நீ இன்னா பஸ்சுக்கா நிக்கற? மறுபடியும் ஓடிப் போ. மறுபடியும் வா.”

மறுபடியும் விசில், மறுபடியும் ஓட்டம். வரிசை ஒருவழியாக நேராகிறபோது பள்ளிக்கூட மணி அடித்துவிடும். பையன்கள் மணிச் சத்தத்துக்குக் கலைந்து ஓடுவார்கள். பந்து மூலையில் கிடக்கும். சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பார்.

எண்பத்தேழாம் வருடம் செப்டம்பரில் மணிமொழி அந்த ஊருக்கு ஒரு டேப் ரெக்கார்டரோடு வந்து இறங்கியபோது, அவள் காதில் விழுந்த முதல் வாக்கியமும் அதுதான். அவள் அப்பாவும் சாரும் ஒன்றாகப் பயிற்சிக் கல்லூரியில் படித்தவர்கள். அவளும் உடற்கல்வியில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தாள். விளையாட்டு வகுப்பைப் பற்றி ஆசிரியரும் மாணவர்களும் என்ன உணர்ந்தார்கள் என்று அவரவர் வாயால் கேட்டு எழுதுவதுதான் அவள் ஆராய்ச்சி. அவளுடைய பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. “திஸ் இஸ் சயின்ஸ், மணிமொழி. எத்தன புஷ்-அப், எத்தன செகண்டு, அத எழுது. எப்படி இருந்துச்சுன்னு கேக்கறது ஆராய்ச்சியா? கல்யாணத்துல சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு விசாரிக்கிற மாதிரி இருக்கு.” கடைசியில் ஒருவழியாக ஒத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பேட்டி கொடுப்பவரை மாமா, சித்தப்பா என்று கூப்பிடக் கூடாது. அதனால் கமலாவை அவள் அத்தை என்றும், அதே வீட்டில் அவர் கணவரை சார் என்றும் கூப்பிட்டாள்.

சார் டேப் ரெக்கார்டருக்குள் குனிந்தார். “ஹலோ. ஹலோ. நான் தெய்வசிகாமணி பேசறேன்.”

“இது போன் இல்ல சார். சாதாரணமா பேசுங்க. இத்தன வருஷ வேல, உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“எப்படி இருந்துச்சுன்னா? நல்லாத்தான் இருந்துச்சு.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா பாப்பா, என் விசிலுக்கு...”

ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுவே போனது.

பழைய மாணவர்கள் அப்படி இல்லை. பஞ்சர் ஒட்டுகிற அய்யப்பன் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே சொன்னான். “பி.டி. பீரியடா? வெயிலுதாங்க்கா. நெத்தி சுட சுட நின்னுக்கினு இருப்போம்.” இரண்டு குழந்தைக்காரியான ராஜாம்பாள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். “எனக்கு முன்னாடி நிக்கிற பொண்ணோட சடதான் ஞாபகம் வருது. அதுல ஒரு பேன் போவும். அதயே பாத்துக்கினு நிப்பேன்.” பச்சமுத்து மணிமொழியையே திருப்பிக் கேட்டான். “வெளையாடுனமா? எப்போ?”

விளையாட்டு வகுப்பைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் விளையாட்டு ஞாபகம் இல்லை. இத்தனை பேருக்கும் நின்றது மட்டும்தான் ஞாபகம். அவள் தங்கியிருந்த வீட்டில், அடுத்த அறையில் சார் விசிலின் கயிற்றைச் சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார். அவள் அந்த கேசட்டைப் பைக்குள் அடியில் வைத்தாள்.

ஒருவன் மட்டும் வேறு மாதிரி சொன்னான். அவன் வீரமுத்து. ஊரிலேயே உயரமானவன். ப்ளஸ் டூ முடித்துவிட்டுக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தான். “நான்தாங்க்கா எப்பவும் மொத ஆளு. எனக்கு முன்னாடி யாரும் இல்ல. மலய பாத்துக்கினே நிப்பேன். நல்லாருக்கும்.”

அந்த வீரமுத்துதான் சாரின் இருபது வருடத்துக்கும் பலன். போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது சார் அவனை விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓட விட்டு, சைக்கிளில் பின்னாலேயே போனார். ஓட்டம், கயிறு, மார்பளவு எல்லாவற்றிலும் அவன் தேறிவிட்டான். ஊரில் அவன் தெருவிலிருந்து அரசாங்கச் சம்பளம் வாங்கப் போகிற முதல் ஆள். இனி அவன் மேல் கேஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனில் விசாரித்து எழுதிவிட்டால் ஆர்டர் வந்துவிடும். அவன் அம்மா தைலம்மாள் கரும்புக் காட்டிலிருந்து அரிவாளோடே சார் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். “ஆர்டரு கையில வர்ற வரைக்கும் நீங்கதான் அவன பாத்துக்கணும் சார். நான் சொன்னா கேக்க மாட்டான். உங்க பேச்சுக்கு நிப்பான்.”

“என் பேச்சுக்கா?” என்றார் சார். ஆனால் முகத்தில் பெருமை வழிந்தது. “சரி, நான் பாத்துக்கறேன் போம்மா.”

அந்த வாரம்தான் மறியல் தொடங்கியது. வீரமுத்துவின் சாதிக்காரர்கள் படிப்பிலும் வேலையிலும் தங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கேட்டு வட தமிழ்நாடு முழுக்க ரோட்டை மறித்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நிற்பதாகச் சொன்னார்கள். ஊருக்கு வருகிற ஒரே டவுன் பஸ்ஸும் நின்றுபோனது. மணிமொழி மாட்டிக்கொண்டாள். ஹாரன் சத்தம் இல்லாத ரோடு அவளுக்குக் காதடைத்த மாதிரி இருந்தது.

சார் நேராக வீரமுத்து வீட்டுக்குப் போனார். “இங்க பாரு. உனுக்கு இன்னா கோவம் இருந்தாலும் இந்த ஒரு வாரம் வூட்லயே கெட. வெரிஃபிகேஷன் முடியட்டும். ஒரு கேஸ் வுழுந்தா உன் வேல அம்பேல்.”

“சரிங்க சார்” என்றான் வீரமுத்து. அவன் எப்போதும் அதைத்தான் சொல்வான்.

மூன்று நாள் கழித்து ஒரு காலையில் அய்யப்பன் டியூபும் கையுமாக ஓடி வந்தான். “சார், நம்ம பசங்க வாய்க்கால் பாலத்துல ரோட்ட மறிக்கிறானுங்க. வீரமுத்தும் இருக்குறான். கள்ளக்குறிச்சியிலிருந்து போலீசு வேன் கெளம்பிடுச்சாம்.”

சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவவில்லை. சைக்கிளை எடுத்தார். மணிமொழி ஏன் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டேப் ரெக்கார்டர் பை தோளில் தொங்கிக்கொண்டே வந்தது. வழியெல்லாம் சாருக்கு மூச்சு புஸ் புஸ் என்று வந்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற மேட்டில் சைக்கிள் நின்றது. மணிமொழி கீழே பார்த்தாள்.

ரோட்டை மறிக்கப் பையன்கள் கொண்டுவந்திருந்தது பள்ளி மைதானத்தின் கல் உருளை. அதை இரண்டு பக்கமும் கயிறு கட்டி இழுத்து, பாலத்தின் நடுவில் குறுக்காகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே கால், ஒரே மூச்சு. “லெஃப்ட், ரைட், லெஃப்ட், ரைட்” என்று கத்தியது முன்னால் கயிறு பிடித்திருந்த வீரமுத்து. குரல் கூட சாருடைய குரல்தான். ரைட் என்பதை அவர் சொல்கிற மாதிரியே ‘ரெய்ட்’ என்று இழுத்தான்.

“என் உருள” என்றார் சார்.

அப்போது கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால், ரோட்டின் வளைவில் வேனின் தூசு தெரிந்தது. பாலத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. கத்தினால் கேட்காத தூரம். ஓடிப் போங்கடா என்று சொல்ல சாரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை வாயில் வைத்து, கன்னம் வெடிக்கிற மாதிரி, நீளமாக ஊதினார்.

பையன்கள் கயிற்றைப் போட்டார்கள். தலையைத் திருப்பினார்கள். ஓடுவார்கள் என்று மணிமொழி நினைத்தாள்.

ஓடினார்கள். ரோட்டின் நடுவுக்கு ஓடினார்கள். ஓடி வந்து, உயரப்படி, ஒருத்தன் பின்னால் ஒருத்தன், கையை ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். முன்னால் வீரமுத்து. வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த மலைப் பையன் காசிநாதன், விடுதியில் தங்கிப் படிக்கிறவன், மறியலுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவன், ஈரத் துண்டோடு கரையேறி ஓடி வந்து கடைசியில் நின்றான். அப்படி ஒரு நேரான வரிசை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

சார் திரும்பவும் ஊதினார், இரண்டு சின்னது. அவர் மனசில் அது ‘கலைந்து போ’. ஆனால் அதை அவர் ஒருநாளும் கற்றுக்கொடுத்ததில்லை. கலைப்பது எப்போதும் பள்ளிக்கூட மணியின் வேலையாகவே இருந்தது. பையன்கள் இரண்டு சின்ன விசிலைக் கேட்டு இன்னும் நெருக்கி நின்றார்கள்.

“போங்கடா” என்றார் சார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறக்கத்தில் ஓடியபடி. “டேய், போங்கடா. எதுக்குடா நிக்கறீங்க?” அவர் போய்ச் சேர்ந்தபோது வேனும் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்காரர். இறங்கியவர் வரிசையைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், கடைசியில் ஈரத் துண்டைப் பார்த்தார். துரத்தி, அடித்து, பிடித்து ஏற்ற வேண்டியவர்கள், ஏற்கெனவே எண்ணி வைத்த மாதிரி நின்றதில் அவருக்கே அதிர்ச்சி.

“என்னவே இது? ரோட்டுல பரேடா நடத்துதீரு?”

அந்தக் கேள்வியில் ஒரு வழி இருந்ததை சார் பிடித்துக்கொண்டார். “ஆமாங்க. பி.டி. கிளாசு. பள்ளிக்கூடம் இல்ல, பசங்க சும்மா இருக்கானுங்க. ரோட்ல பஸ்சும் இல்ல. அதான் இங்க.”

“அந்த ரோலரும் கிளாசுக்கு வந்துச்சோ?”

“வெயிட் எக்சர்சைசுங்க. நெஞ்சு விரியும்.”

“இந்தத் துண்டு கட்டுன பய?”

“அவனும் ஸ்டூடண்டு. கொஞ்சம் லேட்டு.”

இன்ஸ்பெக்டர் தலையைச் சொறிந்தார். வேனில் இடமும் அதிகம் இல்லை. அன்றைக்கு அவர் அந்த ரோட்டில் இன்னும் எத்தனையோ இடம் போக வேண்டும். “சரி வாத்தியாரே. நெஞ்சு விரிஞ்சது போதும். இதே பயலுவள வச்சு இந்த ரோலரத் திரும்ப இழுத்துட்டுப் போகச் சொல்லும். நான் பாத்துக்கிட்டு நிக்கேன். பாலம் காலியானா கிளாசு. காலியாவலன்னா கேசு.”

சார் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். ஊதவில்லை. “டேய். எடுங்கடா கயிற.”

பையன்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பச்சமுத்து முதலில் குனிந்தான். பின் ஒவ்வொருவராகப் போனார்கள். காசிநாதன் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கயிற்றைப் பிடித்தான்.

வீரமுத்து மட்டும் இருந்த இடத்தில் இருந்தான்.

“டேய் வீரமுத்து, கயிறுடா.”

“நான் கிளாசுக்கு வரல சார்” என்றான் வீரமுத்து. சத்தமாகச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தே சொன்னான். “மறியலுக்கு வந்தேன்.”

சார் சிரிக்க முயன்றார். “வெயிலுங்க, இன்னா பேசறான்னு தெரியாம பேசறான். போலீசு செலக்ஷன் ஆயிருக்குறான் சார் இவன். நாளைக்கு உங்க கூட வேல செய்யப் போறவன்.”

“அப்படியா?” இன்ஸ்பெக்டர் வீரமுத்துவின் தோள் உயரத்தை ஒரு தரம் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “ஏலே, வாத்தியார் ஒனக்கு வழி காட்டுதாரு. ஒரு கை கயித்துல போடு, போதும். நான் ஒன் பேரே கேக்கல.”

“பேரு வீரமுத்துங்க” என்றான் அவன்.

உருளை கடகடவென்று பாலத்தைவிட்டு நகர்ந்தபோது அவன் வேனில் ஏறிக்கொண்டிருந்தான். ஏறுவதற்கு யாரும் அவனைத் தள்ள வேண்டியிருக்கவில்லை.

சாரும் மணிமொழியும் சைக்கிளைத் தள்ளியும் மிதித்தும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. வராந்தாவில் வரிசையாகப் பலர் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சாரைக் கண்டதும் கையால் ஜன்னல் பக்கம் காட்டினார். “இன்னும் எழுதல. போயிப் பேசும். கிளாசுக்கு வந்தேன்னு ஒரு வார்த்த சொன்னாம்னா கூட்டிட்டுப் போயிரும்.”

ஜன்னலுக்கு உள்ளே வீரமுத்து நின்றுகொண்டிருந்தான். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“டேய், உங்கம்மாவுக்கு நான் வாக்கு குடுத்துக்கிறேன்டா.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா? ஊதினதும் வந்து நின்ன இல்ல? அப்ப கிளாசுதான? அதச் சொன்னா போதும்.”

“விசிலு கேட்டதும் காலு தானா ஓடியாந்துருச்சு சார். வாயி அப்படி வர மாட்டேங்குது.” வீரமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தான். “வேல வேணும்னுதான சார் ரோட்ல வந்து நின்னோம். இப்ப வேல வேணும்னா ரோட்ல வந்து நிக்கலன்னு சொல்லணுமா?”

சார் அவன் தோளில் அடிக்கக் கையை உள்ளே நீட்டினார். எட்டவில்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே இருந்தது. பிறகு வெளியே எடுத்தார். உள்ளே ஏட்டு எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்த ஆர்டர் வரவே இல்லை. வீரமுத்து வெளியே வந்த பிறகு கரும்பு வெட்டினான், பிறகு லாரியில் கிளீனராகப் போனான். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஸ்டேஷனிலிருந்து திரும்பி வருகிற வழியில் சார் சைக்கிளை ஓட்டவே இல்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். வெள்ளை ஷூவின் ஒரு கயிறு அவிழ்ந்து மண்ணில் இழுபட்டது. குனிந்து கட்டத் தோன்றவில்லை. மணிமொழி ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். கேட்கத் தெரிந்தது ஒரே கேள்வி. தெருமுனை திரும்புகிறபோது, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, பைக்குள் கையைவிட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

“சார்,” என்றாள், “அவன் வேன்ல ஏறினப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

சார் நின்றார். தெருவின் அந்தக் கோடியில், அவர் வீட்டு வாசலில், தலைக்குச் சும்மாடு கட்டியது கட்டியபடி தைலம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் இவர்களைப் பார்த்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார். சார் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு மணிமொழியின் பையைப் பார்த்தார். அந்த ஆராய்ச்சிக்கு அவர் கடைசியாகப் பேசியதாகக் கேசட்டில் இருப்பது இதுதான்:

“எப்படி இருந்துச்சுன்னு என்னயா கேக்கற பாப்பா? தோ, எழுந்து வருது பாரு அந்தம்மா, புள்ள எங்கன்னு கேக்கப் போவுது. நீ போயி மொதல்ல அதுக்கு பதில் சொல்லு. சொல்லிட்டு வா, உனுக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் கேக்கறேன், மிஷின நான் புடிச்சுக்கறேன்.”